காவல்

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். ஊரைத் திருக்காவலூர் என்றார். காவல் என்ற சொல் காப்பதையும் குறிக்கும், வெளியே விடாமல் வைப்பதையும் குறிக்கும். உள்ளே இருப்பவளுக்கு இரண்டும் வெவ்வேறு என்று தெரிவது வெளியேற நினைக்கும் நாளில்தான்.

கன்னியர் மடத்தில் ஏழாண்டு இருந்த பாமா 1992இல் வெளியேறினார். அதே ஆண்டு ‘கருக்கு’ வந்தது. மடத்துக்குள் சாதியும் கீழ்ப்படிதலும் ஒரு மனுஷியை என்ன செய்தன என்பதை அவர் விசுவாசத்தை உதறாமலேயே எழுதினார். சொந்த ஊர் கோபித்துக்கொண்டது. நூலை வெளியிட்டதோ மதுரையில் இயேசு சபையார் நடத்திய ஆய்வு மையம். ஆக, ஆதரவு சபைக்கு வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. (நம் முற்போக்கு நண்பர்களுக்கு இது ருசிக்காது.)

எனக்குள்ள சந்தேகம் வேறு. ஆதரவு தருகிறவர் பழைய கீழ்ப்படிதலுக்குப் பதிலாக நன்றியை எதிர்பார்க்கிறார். அல்லது மேடையில் ஏறிச் சாட்சி சொல்லச் சொல்கிறார். வெளியே வந்தவளுக்கோ சம்பளமும் வாடகைக்கு ஓர் அறையும் வேண்டும். கேள்வி கேட்காத ஒரு சிநேகிதி இருந்தால் நல்லது. கணக்குத் தொடங்க வருகிறவளிடம் வங்கியில் நாங்கள் முகவரிச் சான்று கேட்கிறோம். அவளுடைய பழைய தாள்களில் இருப்பது மடத்தின் முகவரி.