கைக்கு எட்டும் பொருள்

கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. எதைச் செய்வது என்பதில்தான் திகைப்பு. கைப்பேசியைத் திறந்தால் யார் யாரோ செய்து முடித்தவை வரிசையாக வந்து நிற்கின்றன. பார்க்கப் பார்க்க ஆசை பெருகுகிறது, கை மடியிலேயே கிடக்கிறது. முடிந்த பொருளைப் பார்த்து ஒன்றைத் தொடங்குவது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது எங்கிருந்து தொடங்கியது என்பதை அந்தப் பொருள் காட்டுவதில்லை. காவிரிக் கரையில் நூற்றாண்டுகளாக நடந்துவரும் கைவேலைகளை அவற்றின் மூலப்பொருளிலிருந்து பார்க்கத் தொடங்கிய பிறகே இது எனக்குப் பிடிபட்டது.

தஞ்சாவூர்க் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய கோயில் பால்வெள்ளையாக நிற்கும். தந்தமா என்று கேட்கத் தோன்றும். குளத்திலும் ஏரியிலும் தானாக முளைக்கும் நெட்டி என்ற செடியின் தண்டு அது. மேல்தோலைச் சீவிவிட்டால் உள்ளே மெத்தென்ற வெண்மை. பெரும்பாலான வேலைக்கு ஒரு கூரிய கத்தி போதும். இதே தண்டை நறுக்கி, சாயத்தில் தோய்த்து, மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுகிறார்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கலைப்பொருளும் தொழுவத்து மாட்டின் கழுத்தில் ஆடும் மாலையும் ஒரே தண்ணீரில் முளைத்தவை. இதை முதலில் கண்டுகொண்டவர் கலைஞராக இருந்திருக்க வேண்டியதில்லை. தினமும் குளத்தில் இறங்கி ஏறிய யாரோ ஒருவர், வேண்டாத செடியென்று பிடுங்கி எறியும்போது அந்த வெண்மையைப் பார்த்திருக்கலாம் என்பது என் ஊகம்.

கைக்கு எட்டும் பொருளிலிருந்து வேலை பிறப்பது சுவாமிமலைக்குப் போனால் இன்னும் துலங்கும். அங்கே ஸ்தபதி ஒரு உலோகப் படிமத்தைத் தொடங்கும்போது முதலில் எடுப்பது தென்னை ஓலை. சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரிக்கிறார். உத்தம தசதாலம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 பங்கு. நெற்றி, மூக்கு, மார்பு, முழங்கால் எல்லாம் அந்த மடிப்புகளிலிருந்து வருகின்றன. அங்குலமோ சென்டிமீட்டரோ வெளியிலிருந்து வந்து சிலையை அளப்பதில்லை. சிலைக்குத் தன் உயரமே அளவுகோல். பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் முதல் பூச்சு காவிரியின் வண்டல். மாவுபோல் நைந்த மண் என்பதால் மெழுகில் கீறிய நகக்கோடு வரை அதில் பதிந்துவிடும். அடுத்த பூச்சுக்கு வயல் களிமண்ணும் மணலும். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறுகிறது, காலியான இடத்தில் உலோகம் இறங்குகிறது. ஆற்றங்கரையும் வயலும் தென்னந்தோப்பும் பக்கத்தில் இருக்கும் ஊரில்தான் இந்த வேலை வேர்விட்டது. எனக்கு இதில் வியப்பு இல்லை, பெரும் ஆறுதல் இருக்கிறது.

என் அத்தை மார்கழியில் கோலம் போடும்போது புத்தகம் பார்த்ததில்லை. வாசலின் அகலத்தைப் பார்ப்பார், அதற்குத் தக்கபடி புள்ளி வைப்பார். “வாசல் சொல்லும்டா எத்தனை புள்ளின்னு” என்பார். ஓலையை மடிக்கும் ஸ்தபதியைப் பார்த்தபோது எனக்கு அத்தை நினைவுதான் வந்தது.

பொருள் மட்டும் போதாது. பக்கத்தில் இருப்பவரின் குறையும் காதில் விழ வேண்டும். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்வது ஆச்சா மரத்தில். அதிலும் பழைய மரம்தான் தேடுவார்கள். இடித்த வீடுகளின் உத்தரமும் தூணும் பல ஆண்டுகள் காய்ந்து இறுகியவை, குழலாகக் கடைவதற்கு ஏற்றவை. முன்பு வாசித்த திமிரி நாதஸ்வரம் குட்டையானது, சுருதி ஏறியது. அதில் சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேசவில்லை என்ற குறை நாதஸ்வர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்கு இருந்தது. இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி அதைக் கேட்டு, குழலை நீட்டி, துளைகளை மாற்றி, பாரி நாதஸ்வரத்தை உருவாக்கிக் கொடுத்தார். இன்று கச்சேரியில் நாம் கேட்கும் அந்தக் கனத்த நாதம், ஒரு வித்வானின் மனக்குறையும் ஒரு ஆசாரியின் பொறுமையும் சேர்ந்து பிறந்தது. பழைய கைவினை என்றால் அப்படியே நகலெடுத்துக் காப்பது என்று எண்ணுவோர்க்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். எதைச் செய்வது என்று என்னிடம் கேட்கும் இளையவர்களிடமும், உங்கள் வீட்டில் யாருக்கு எது சரியாக அமையவில்லை என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். பாட்டியின் கைக்குப் பிடிபடாத கூடைப் பிடியோ, தம்பியின் மேசையில் நிற்காத விளக்கோ போதும், ஒரு மாதத்துக்கு வேலை இருக்கிறது.

ஆனால் கண் மட்டும் கூர்மையாக இருந்து பயனில்லை, ஊரும் இருக்க வேண்டும். குளத்தைத் தூர்த்துவிட்டால் நெட்டி இல்லை. வைக்கோலையே பாருங்கள். விதைநெல்லை வைக்கோலுக்குள் பொதிந்து, முறுக்கிய பிரியால் இறுக்கிச் சுற்றி, மேலே மண்ணும் சாணமும் மெழுகிக் கோட்டை கட்டும் வழக்கம் டெல்டாவில் இருந்தது. பிள்ளைகள் பிரி முறுக்கிப் பழகியது களத்தில்தான். இப்போது அறுவடை இயந்திரத்தின் வழியே வரும் வைக்கோல் நசுங்கி நொறுங்கியிருக்கிறது. மாட்டுக்குத் தீனியாகும், பிரிக்கு ஆகாது. இயந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, கூலிக்கு ஆள் கிடைக்காத விவசாயியின் பாடு தெரியும். இந்தத் தை அறுவடையில் ஒரு மூலையை மட்டும் அரிவாளால் அறுத்துத் தருகிறேன் என்று எங்கள் பக்கத்து வயல்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரி முறுக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் தெருக்கோடியில் இருக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், என்ன செய்யப் போகிறோம் என்று இன்னும் பேசவில்லை.