கேட்டுவிட்டு இறங்குங்கள்

விடுமுறை நெருங்குகிறது. தாமே காரோட்டிப் போகும் பயணத்துக்குப் பலர் நாள் குறித்தாயிற்று. தெற்கே பலரும் போடும் திட்டம் இப்படி இருக்கிறது: காலையில் தக்கலையை ஒட்டிய பத்மநாபபுரம் அரண்மனை, அங்கிருந்து சிதறால் மலைச் சமணக் கோயில், மதியத்துக்கு மேல் நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனை, பிறகு விதுரா வழியாகக் கல்லாறு, பொழுது சாயுமுன் பொன்முடி. ஒரே நாளில் ஐந்து இடம். அந்தத் திட்டத்தை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன். பத்மநாபபுரத்தில் பிந்திய அரைமணியைக் கல்லாற்றில் ஈடுகட்டப் பார்க்கிறோம். அந்த அவசரத்தில்தான் யாரையும் எதையும் கேட்காமல் ஆற்றில் கால் வைக்கிறோம்.

2022 செப்டம்பரில், பாலோட்டுக்கு அருகே மங்கயத்தில் குளிக்க வந்த குடும்பத்தைக் காட்டாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஒரு சிறுமியும் ஒரு பெண்ணும் இறந்தார்கள். அடுத்த மாதமே கல்லாற்றின் வட்டக்கயத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் மூழ்கிப் போனார்கள். உல்லாசமாக ஒரு நாளைக் கழிக்க வந்தவர்கள் இவர்கள். வட்டக்கயம் ஆழமானது என்பது உள்ளூர்ப் பிள்ளைக்கும் தெரியும். வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்குத் தெரிவது உருண்டைக் கல்லும், அடிமணல் வரை துலங்கும் தண்ணீரும், பக்கத்திலேயே காரை நிறுத்த ஓர் இடமும்தான்.

கல்லாறு பொன்முடி மலைச்சரிவுகளில் ஊறி இறங்கி வாமனபுரம் ஆற்றில் சேர்கிறது. மலை செங்குத்து, தூரம் குறைவு. உச்சியில் ஒரு மணி நேரம் மழை கொட்டினால், கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். அறிகுறி இல்லாமல் வருவதில்லை. தெளிந்த நீர் மெல்லக் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கும். சற்று முன் நீருக்கு மேலே தெரிந்த கல் ஒன்று காணாமல் போகும். ஆற்றின் இரைச்சல் கனக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பையும் செல்போனையும் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். யாராவது கயத்தில் சிக்கினால் கூடவே குதிக்காதீர்கள். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவதே இப்படிப்பட்ட சாவுகளில் திரும்பத் திரும்ப நடப்பது. வண்டியை இழுக்க வைத்திருக்கும் கயிற்றை வீசுங்கள், வேட்டியை வீசுங்கள், மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கேனை வீசுங்கள். 112ஐ அழையுங்கள்.

முன்பெல்லாம் மலைக்குப் போனால் நம்மோடு ஒருவர் இருப்பார். வாடகைக் காரோட்டி இருப்பார், அல்லது விதுராவிலிருந்து பொன்முடிக்கு ஏறும் ஆனவண்டியின், அதாவது கேரள அரசுப் பேருந்தின், நடத்துநர் இருப்பார். “இன்னைக்கு இறங்காதீங்க, மேலே மழை” என்று சொல்ல அவர்களுக்குத் தெரியும். நாமே ஸ்டியரிங்கைப் பிடித்தபோது அந்த மனிதரை வீட்டில் விட்டுவிட்டோம். செல்போனில் இருக்கும் வரைபடம் வளைவைக் காட்டும், தூரத்தைச் சொல்லும். கயத்தின் ஆழத்தையும் நேற்றிரவு யானை கடந்த இடத்தையும் அது சொல்லாது. தாமே ஓட்டிப் போகிறவருக்குக் கூடுதலாக ஒரு கடமை வந்து சேர்கிறது. வழியில் இருக்கிற மனிதரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேளுங்கள். தேநீர்க் கடையில் கேளுங்கள். நம் தமிழ் அவர்களுக்குப் புரியும், அவர்கள் மலையாளம் நமக்குப் புரியும். மொழியைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்.

கேட்பதனால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்த மலையே சாட்சி. 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடி மக்கள் களைப்பில்லாமல் நடப்பதைக் கண்டு, அவர்கள் மென்ற சிறு காய்களைப் பற்றிக் கேட்டார்கள். அப்படித்தான் ஆரோக்கியப்பச்சை என்ற அந்த மூலிகை வெளியுலகுக்குத் தெரிந்தது. பாலோடு தாவரவியல் பூங்கா ஆய்வகம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, வருவாயில் காணி மக்களுக்கும் பங்கு கொடுத்தது. கல்லாற்றுக் காட்டுக் குடியிருப்பில் வாழும் லட்சுமிக்குட்டி அம்மா நூற்றுக்கணக்கான மருந்துகளை நினைவிலேயே வைத்திருப்பவர். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். இத்தனை அறிவு குடியிருக்கும் ஊருக்கு வந்துவிட்டு, “இந்தப் பக்கம் இறங்கலாமா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுவது என்ன நியாயம்? காணி மக்களின் குடியிருப்பு வேடிக்கை பார்க்கும் இடமல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அழைக்காமல் முற்றத்தில் நின்று படம் எடுக்காதீர்கள்.

வண்டியோட்டுவது பற்றி. பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது கொலைபாதகம். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, கருகல் வாடை அடித்து, கடைசியில் பிடிக்காமலே போகும். வாடை வந்தவுடன் ஓரங்கட்டி நிறுத்தி ஆறவிடுங்கள். குறுகலான இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். அது பெருந்தன்மை அல்ல, சட்டம். ஆனவண்டி வளைவில் திரும்பும்போது அதற்குச் சாலை முழுதும் வேண்டும். மூக்கை நுழைக்காதீர்கள். மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளக்கைத் தாழ்த்தி ஓட்டுங்கள். 2022 மழையில் இந்த மலைச்சாலையே இடிந்து, மாதக்கணக்கில் பொன்முடி மூடிக்கிடந்தது. மூடியிருக்கிறது என்று சாவடியில் சொன்னால் அவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹார்ன் வேண்டாம், இறங்கிப் படமெடுக்கவும் வேண்டாம்.

வெள்ளை நம்பர் பலகை மாட்டிய தெரிந்தவர் காரை நாள் வாடகைக்கு எடுப்பதையும் விடுங்கள். தாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம். அடிபட்ட ஏழைக்கு யார் பதில் சொல்வது? காலி வளைவில் மகன் கொஞ்சம் ஓட்டிப் பழகட்டும் என்று பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கும் அப்பாவுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி மூன்று ஆண்டுச் சிறை வரை கிடைக்கலாம். சிறைக்குப் பயந்துதான் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமா?

இந்தப் பாதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் சிதறால். பழைய பெயர் திருச்சாரணத்துமலை. கார் அடிவாரத்தோடு நின்றுவிடும், மேலே நடந்துதான் ஏற வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் ஆட்சியில் இங்கே சமணத் துறவிகள் வாழ்ந்தார்கள். அவனது 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கி குரத்தி என்ற பெண் துறவி இந்த மலையின் அம்மனுக்குப் பொன் அணிகள் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள் அமர்ந்திருக்கின்றன. சமணத் துறவிக்குப் பயணத்திலும் விரதம் உண்டு. நான்கு முழம் முன்னே தரையைப் பார்த்து நடக்க வேண்டும், காலடியில் ஓர் எறும்பும் நசுங்கக் கூடாது, இருட்டில் நடக்கக் கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்து ஏறியவர்கள் விட்டுச் சென்ற சிற்பத்தின் மேல் சாய்ந்து நின்று படம் எடுப்பதும், சாவியால் பெயரைக் கீறுவதும், சிப்ஸ் பாக்கெட்டைப் பாறை இடுக்கில் செருகுவதும் எவ்வளவு பெரிய கேவலம்! பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ வரும் என்பது இரண்டாவது. முதலில் நமக்கு வெட்கம் வர வேண்டும். அந்தத் துறவிகள் தங்கள் நடைக்கு வைத்த விதிகளை நான்கு சக்கரத்துக்கும் வையுங்கள். எதிரே தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் ஓட்டுங்கள். இருட்டியபின் காட்டுச் சாலையில் ஓட்டாதீர்கள்.

ஆகவே இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் பத்மநாபபுரமும் சிதறாலும் போதும். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுமங்காட்டில் தங்கினால் மறுநாள் காலையிலேயே கோயிக்கலில் நாணயங்களையும் நாட்டார் கலைப் பொருள்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, வெயில் இருக்கும்போதே கல்லாற்றைத் தொடலாம். அங்கே வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை, மேலே மழையா என்று கேட்பது. ஆமாம் என்றால் தண்ணீர் கணுக்காலளவுதான் என்று தோன்றினாலும் இறங்காதீர்கள், மலையும் ஏறாதீர்கள். பொன்முடியில் அறைக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும். வண்டியை விதுராவுக்குத் திருப்புங்கள்.