அடைக்கலப் பொருள்

2020, 2021ஆம் ஆண்டுகளில் பரவிய கொரோனாப் பெருந்தொற்று, குடும்பத் தலைவர்கள் பலரை உயில் எழுதவும் அவகாசமின்றிக் கொண்டு சென்றது. அவர்தம் வைப்புத்தொகையும் பங்குகளும் எவருக்கு உரியவை என்னும் வினா, துயரம் ஆறுமுன்னரே பல இல்லங்களில் எழுந்தது.

வங்கிப் படிவத்தில் தம்பியின் பெயர் நியமனதாரராக இருக்கிறதென்று கொள்வோம். திருமணத்திற்கு முன் எழுதிய பெயர், பின்னர் மாற்றப்படவில்லை. வங்கி அவரிடமே பணத்தை அளிக்கும். அதனால் அது அவருடையதாகிவிடுமா? ஆகாது. வைப்புத்தொகை குறித்து 2010இலும், கம்பெனிப் பங்குகள் குறித்து 2023இலும் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியுள்ளது. நியமனதாரர் பெற்றுக்கொள்பவரே, உரிமையாளர் அல்லர். ஜைனர்களாகிய நமக்கும் பொருந்தும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்த ஆடவரின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர்க்குச் சம பங்கு உண்டு.

“மருத்துவமனைக்கு அலைந்தவன் நான், எனக்கு உரிமையில்லையா?” என்று அத்தம்பி வினவலாம். செய்த செலவைக் கணக்குக் காட்டிப் பெறுவது நியாயமே. அன்பினாற் செய்த பணிக்குத் தாமே விலை வைத்து, அண்ணியார் அறியாமல் எடுத்துக்கொள்வது நியாயமாகாது. கன்னமிடுதல் மட்டுமே களவன்று. நம்பி ஒப்படைத்ததைத் திருப்பித் தராமையும் களவேயாம்.

அண்ணியார் வழக்காடினால் வெல்லக்கூடும். ஆயின் நீதிமன்றம் செல்லப் பொருளும் துணையும் அவருக்கு இல்லாமலிருக்கலாம். அத்தகையோர் கேளாமலே அவர்க்குரியதைக் கொடுப்பதுதான் கள்ளாமை விரதம்.

ஆதலின், பொருளுடையோர் இன்றே படிவங்களைப் பார்த்துப் பெயரைத் திருத்தி, உயிலும் எழுதி வைப்பாராக. தமக்குப் பின்னிருப்போரைச் சோதனைக்கு உள்ளாக்காமையும் ஓர் அறமே.