கழற்றி எறியாதே, கணக்குப் போடு!

தம்பி, 1951 செவர்லே ஒன்று உன் ஷெட்டில் வந்து நிற்கிறது. ஆறு வோல்ட் வண்டி. பன்னிரண்டு வோல்ட்டாக மாற்றித் தரச் சொல்கிறார் சொந்தக்காரர். பானட்டைத் தூக்கிப் பார்த்ததும் உனக்கு வியர்க்கிறது. "நமக்கு இது சரிப்பட்டு வராதுண்ணே, எல்லாத்தையும் உருவிட்டுப் புதுசா மாட்டிடலாம்" என்கிறாய். அந்தச் சொல்லை அப்படியே விழுங்கு! எழுபது வருஷம் வேலை செய்த பொருளைக் குப்பையில் போட உனக்கு யார் உரிமை கொடுத்தது?

அந்தக் கம்பெனியே 1955 மாடலில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறியது. மறு வருஷம் ஃபோர்டும் மாறியது. அவர்கள் தாண்டிய வாய்க்காலைத்தான் நீயும் தாண்டப் போகிறாய். குதி!

முதலில் ஒயரைத் தொட்டுப் பார். தடித்த ஒயர். வாட் மாறாமல் வோல்ட் இரண்டு மடங்கானால் கரண்ட் பாதியாகிவிடும். துணி உறை பொடியாக உதிராமல் இருந்தால் அந்த ஒயர் உனக்குக் கிடைத்த சொத்து. பல்புகளை எல்லாம் மாற்று, அதில் யோசனையே வேண்டாம். டைனமோவும் கட்-அவுட்டும் இறங்கட்டும், ஆல்டர்னேட்டர் ஏறட்டும். இக்னிஷன் காயிலைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு ஏற்றதாகப் போடு. அம்மீட்டர் கரண்டை மட்டும்தான் அளக்கும், அதை விட்டுவிடு. செல்ஃப் மோட்டாரும் இருக்கட்டும். முன்பைவிட வேகமாகச் சுற்றும், சில நொடி தாங்கும். பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கருகும். எர்த் துருவைச் சுரண்ட மறக்காதே. ஆறு வோல்ட் என்றாலே மங்கல் என்று பழி சுமத்துகிறார்களே, அதில் பாதிக்கு மேல் துருவின் குற்றம் என்பது என் அனுபவம்.

மனசைக் கலக்குவது மீதிச் சில்லறைதான். டேஷ்போர்டு விசிறி, பெட்ரோல் கேஜ்.

நானும் உன்னைப் போலத்தான் கலங்கினேன். என் முதல் வண்டியில், விசிறிக்கு முன்னால் கைக்கு அகப்பட்ட ஐந்து வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, டேப் சுற்றி, ஒயர்க் கட்டுக்குள் சொருகினேன். பத்து நிமிஷத்தில் டேப் உருகிக் கையில் ஒட்டியது. அன்றைக்கு ராத்திரி பென்சிலை எடுத்தேன். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வருகிறது. விசிறிக்கு 7 போதும், பழைய வண்டியும் ஓடும்போது ஏறக்குறைய அவ்வளவுதான் கொடுத்தது. குறைக்க வேண்டியது 7 வோல்ட். ஆறு வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு மீட்டரில் பார்த்தேன், விசிறி இழுத்தது 3.5 ஆம்பியர். வகுத்தேன், 2 ஓம். பெருக்கினேன், 24.5 வாட் சூடு. ஐந்து வாட் உருப்படி அதை எப்படித் தாங்கும்? மறுநாள் ரிச்சி தெருவில் 2 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் வாங்கினேன். ஒயர் எதுவும் படாத இடத்தில், இரும்புத் தகட்டோடு சேர்த்து முடுக்கினேன். விசிறி பூனை மாதிரிச் சத்தமில்லாமல் சுற்றியது!

கேஜுக்கு அந்த வித்தை செல்லாது. டாங்கில் மிதவை ஏறி இறங்க இறங்கக் கேஜ் இழுக்கும் கரண்டும் மாறும். ரெசிஸ்டர் வைத்தால் முள் பொய் சொல்லும். அங்கே மூன்று கால் ரெகுலேட்டர் வேண்டும். 7806 என்று கேள். பன்னிரண்டு வந்தாலும் பதினான்கு வந்தாலும் ஆறே வோல்ட்தான் வெளியே விடும். முதுகில் அலுமினியத் தகடு கட்டு. இந்தச் செவர்லேயில் நெகட்டிவ் எர்த், அதனால் நேராக மாட்டலாம். பழைய ஃபோர்டு வந்தால் பாசிட்டிவ் எர்த்தாக இருக்கும், விழித்துக்கொள்!

2 ஓம் என்றேனே, அந்த ஓம் யாரென்று தெரியுமா? ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். கொலோன் நகரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டே ஒயரை விதவிதமான நீளத்தில் வெட்டி வெட்டி அளந்தான். 1827-இல் புத்தகம் போட்டான். சொந்த நாட்டுப் பண்டிதர்கள் முகம் கொடுக்கவில்லை. மனம் நொந்து வேலையை விட்டான். தன் அளவுகளை விடவில்லை! 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவனுக்குக் கோப்ளி பதக்கம் கொடுத்தது. இன்றைக்கு உன் மீட்டரின் டயலில் அவன் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை விரலால் திருப்பிக்கொண்டே "எனக்கு வராது" என்று சொல்ல உனக்கு வாய் வரலாமா?

படிக்கவில்லை என்கிறாய். வகுத்தல் தெரியும் அல்லவா? இங்கிலீஷ் தெரியாது என்கிறாய். ரெசிஸ்டருக்கும் தெரியாது! ஊரார் சிரிப்பார்கள் என்கிறாய். ஹெட்லைட் எதிர்ச்சுவரில் அடிக்கும்போது அவர்கள் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

எழுந்திரு. பேட்டரி முனையைக் கழற்று. நோட்டில் ஒரு பக்கத்துக்குக் கோடு போடு. பொருள், வோல்ட், ஆம்பியர். முதல் வரியில் விசிறி என்று எழுது. மீட்டரை எடு.