நக்கிக் கொடுக்க ஒரு வாய்

கொரோனாவுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தி வீட்டுக்கு வீடு புழங்கும் பேச்சாகிவிட்டது. கபசுரக் குடிநீர் குடித்தால் கூடும், ராத்திரி கண்விழித்தால் குறையும் என்று, வங்கியில் இருப்பைப் பார்ப்பதுபோல அவரவர் உடம்பைப் பார்த்துக்கொள்கிறோம். என் கணக்கு எனக்கு, உன் கணக்கு உனக்கு. இந்த நினைப்பு பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது. அப்படிப் படக் காரணம் பூச்சிகள்.

ஈ, எறும்பு, கொசு எதற்கும் நமக்கு இருப்பதுபோல ஆன்டிபாடி கிடையாது. ஆனாலும் அவை நோய்க்கு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. மேலே கைட்டின் ஓடு. அதைத் துளைத்து ஒரு கிருமி உள்ளே போனால், குழாய்களில் அடைபடாமல் உடம்புக்குள் ததும்பி நிற்கும் ரத்தத்தில் அதை விழுங்கக் காத்திருக்கும் செல்கள். விழுங்க முடியாத அளவு பெரிதாக ஏதாவது வந்துவிட்டால், உதாரணமாக ஒரு குளவி தன் முட்டையைப் புழுவுக்குள் இட்டுவிட்டால், செல்கள் அதன்மேல் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு மூடுகின்றன. மூடிய இடம் கறுத்து இறுகுகிறது. உள்ளே இருப்பது மூச்சு முட்டிச் சாகும். இதற்கிடையே பூச்சியின் கொழுப்புத் திசு, பாக்டீரியாவின் உறையில் ஓட்டை போடும் சின்னஞ்சிறு புரதங்களைச் சுரந்து ரத்தத்தில் கலக்கிறது. அந்தப் புரதங்களை ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர் ஸ்வீடனின் ஹான்ஸ் போமன்.

1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில், ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வகத்தில் ப்ரூனோ லெமேத்ரும் மற்றவர்களும், ‘டோல்’ என்ற மரபணு வேலை செய்யாத பழ ஈக்களைப் பூஞ்சைக்கு ஆளாக்கிப் பார்த்தார்கள். செத்த ஈயின் உடம்பெல்லாம் பூஞ்சை இழை முளைத்து நின்ற படம் அந்தத் துறையில் இன்றும் பிரபலம். அடுத்த சில ஆண்டுகளில் அதே சாயலுள்ள மரபணுக்கள் மனித உடம்பிலும் காவல் வேலை பார்ப்பது தெரியவந்தது. 2011இன் நோபல் பரிசில் ஹாஃப்மனுக்கும் பங்கு கிடைத்தது. ஈயும் நாமும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகியும் காவல்காரர் ஒருவரே.

ஆனால் இந்தக் காவலுக்குச் சோறு போட வேண்டும். 2000இல் சுவிட்சர்லாந்தில் யானிக் மொரே, பால் ஷ்மித்-ஹெம்பல் இருவரும் பம்பிள் தேனீக்களின் உடம்பில் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைச் செலுத்தினார்கள். உயிருள்ள கிருமி எதுவும் இல்லை, அதனால் நோயும் இல்லை. உடம்பு மட்டும் எதிரி வந்துவிட்டான் என்று நம்பி வேலையைத் தொடங்கும். வயிறாரத் தின்ற தேனீக்களுக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. பட்டினி கிடந்தவை, ஊசி போடாமல் பட்டினி கிடந்தவற்றைவிடச் சீக்கிரம் செத்தன. அவற்றைக் கொன்றது காவலின் செலவு. பசித்தவன் உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லை என்று சுலபமாகச் சொல்கிறோம். இருக்கிறது. அதை நடத்தத்தான் அவனிடம் எதுவும் இல்லை.

தனி உடம்பின் காவல் போதாத இந்த இடத்தில்தான் எறும்புகள் வருகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில், ஐவரி கோஸ்ட்டின் கொமோயே தேசியப் பூங்காவில் மட்டபெலே என்னும் எறும்பு இனம் கரையான்களை மட்டுமே வேட்டையாடிப் பிழைக்கிறது. கரையான் சிப்பாய்களின் தாடை கத்திபோல. ஒவ்வொரு படையெடுப்பிலும் சில எறும்புகள் காலை இழக்கும். காயம்பட்டது ஒரு வாசனையை விடும். கூட இருப்பது அதைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் போகும். அங்கே மற்ற எறும்புகள் வெட்டுப்பட்ட காலை முன்கால்களால் பிடித்துக்கொண்டு காயத்தை நக்குகின்றன. எரிக் ஃபிராங்க் குழு 2018இல் வெளியிட்ட கணக்கு: காயத்தோடு தனியே விடப்பட்டவற்றில் 80 சதவீதம் ஒரே நாளில் செத்தன; கவனிக்கப்பட்டவற்றில் செத்தது 10 சதவீதம்தான். 2023இல் இன்னொன்றும் வெளிவந்தது. புண்ணில் கிருமி ஏறிவிட்டதா என்பதை இந்த எறும்புகள் இனங்கண்டு, ஏறியிருந்தால் மார்புப் பகுதியிலுள்ள ஒரு சுரப்பியின் மருந்தை எடுத்துத் தடவுகின்றன.

நம் கட்டெறும்புக்கு நெருங்கிய உறவான ஒரு ஃப்ளோரிடா எறும்புக்கு அந்தச் சுரப்பி கிடையாது. அது அறுவை சிகிச்சை செய்கிறது. தொடையில் காயம் என்றால் கூட இருக்கும் எறும்பு காலின் அடிமூட்டுவரை வாயால் நக்கிக்கொண்டே போய், அங்கே திரும்பத் திரும்பக் கடித்துக் காலையே துண்டிக்கிறது. வேலை முடிய நாற்பது நிமிடமாவது ஆகிறது. அடிபட்ட எறும்பு காலை இழுத்துக்கொள்வதில்லை; நீட்டிக்கொண்டு நிற்கிறது. முழங்காலுக்குக் கீழே காயம் என்றால் வெட்டுவதில்லை, நெடுநேரம் நக்குவதோடு சரி. அங்கிருந்து ரத்தம் வேகமாக ஓடுவதால், வெட்டி முடிப்பதற்குள் கிருமி மேலே ஏறிவிடும் என்பது 2024இல் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்.

என் அப்பாவுக்குச் சர்க்கரைப் புண்ணால் கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் மருந்துச் சீட்டை நீட்டுவதற்கு முன் கேட்டது, “கட்டு மாத்திவிட வீட்ல யாருய்யா இருக்காங்க?” அது விசாரிப்புக்காகக் கேட்ட கேள்வி என்றுதான் அன்று நினைத்தேன். எறும்புகளைப் பற்றிப் படித்த பிறகு, அது சிகிச்சையின் பகுதி என்று படுகிறது. தன் உள்ளங்காலைத் தானே குனிந்து பார்க்க முடியாத, தொட்டாலும் உணர முடியாத ஒரு மனிதருக்கு எதிர்ப்பு சக்தி எங்கே இருக்கிறது? கணிசமான பங்கு அம்மாவின் விரல்களில் இருந்தது. காலையும் மாலையும் வெந்நீரில் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, பழைய பஞ்சை எடுத்ததும் விளக்கடியில் புண்ணின் ஓரத்தை நிறம் பார்ப்பார். புண் ஆறியது.

எறும்பைத் தெய்வமாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்திரியாவில் சில்வியா க்ரெமர் குழு 2018இல் காட்டியது இது: பூஞ்சை பிடித்த கூட்டுப்புழு தன் உடம்பின் வாசனை மாறி நோயைக் காட்டிக்கொடுத்தவுடன், வேலைக்கார எறும்புகள் அதன் பட்டுறையைக் கிழித்து, உடம்பில் ஓட்டை போட்டு, நஞ்சை ஊற்றி அழித்துவிடுகின்றன. மட்டபெலேயிலும் ஐந்து கால் போனதை யாரும் தூக்கி வருவதில்லை. புற்றுக்கு எது லாபமோ அதுவே அங்கே நீதி. இனி எழுந்து வேலைக்குப் போகப்போவதில்லை என்று தெரிந்தும் படுக்கையில் கிடக்கும் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டுகிறோமே, அது எறும்பிடம் இல்லாதது. அதை நாம் எந்தக் கணக்குக்காகவும் கைவிடக் கூடாது.

க்ரெமரின் குழு 2012இல் கண்டது இன்னொன்று. பூஞ்சைவித்து ஒட்டிய எறும்பை மற்றவை ஒதுக்கவில்லை, நெருங்கி நக்கின. நக்கியவற்றுக்கும் கொஞ்சம் தொற்று ஏறியது; அந்தச் சிறு அளவே அவற்றின் எதிர்ப்பை உயர்த்தியது. இதைப் படித்துவிட்டு, சேவை செய்பவருக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பட்டினி கிடந்த பம்பிள் தேனீயை நினைத்துக்கொள்ள வேண்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுப் பெண், எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைத் தின்று, தூக்கமும் கெட்டு, பிறகு தானும் படுத்துக்கொள்வதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம். காவலுக்கு நிற்பவருக்கு முதலில் சோறு போக வேண்டும்.

2015இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் எறும்புகளைத் தனித்தனியே பிரித்து வைத்துப் பார்த்தார்கள். தனி எறும்பு, கூட்டத்தில் இருந்தவை அளவுக்கே தின்றது. தின்றது செரிக்காமல் உணவுப் பையிலேயே தங்கியது. ஓயாமல் அலைந்து, வெகு சீக்கிரம் செத்தது. உங்கள் தெருவிலும் புண்ணோடு தனியே இருக்கும் யாராவது இருப்பார்கள். சத்து மாத்திரை வாங்கிக் கொடுப்பதோடு நிற்காதீர்கள். போய் அந்தக் கட்டைப் பிரித்துப் பாருங்கள், புதிதாகக் கட்டிவிடுங்கள், கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.