மாலைப் பொழுதின் தோழமை

அலுவல் முடிந்த பின் ஒருவன் எங்கே செல்கிறான் என்பதைக் கொண்டே அவன் வாழ்வில் பாதியை அறிந்துவிடலாம். டல்ஹௌசி சதுக்கத்து அலுவலகங்கள் மாலையில் கலையும்போது பெருங்கூட்டம் ஹௌராவுக்கும் சியால்தாவுக்கும் ரயிலைப் பிடிக்க விரைகிறது. மற்றும் பலர் மெட்ரோவிலும் பேருந்திலும் வீடு திரும்புகின்றனர். எஞ்சிய சிலர் எஸ்பிளனேடு பக்கத்துச் சந்துகளில் உள்ள மதுக்கூடங்களுக்குள் ஒதுங்குகின்றனர். அச்சிலருள் நம் தமிழரும் உளர் என்பதை மறைத்துப் பயனில்லை.

இவர்களைக் குடிகாரர் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நேர்மையன்று. பலர் அங்கே நாடிச் செல்வது மதுவைவிடப் பேச்சையே. பகலெல்லாம் கோப்பின் இரு பக்கத்தில் நின்ற பிரிவு அலுவலரும் எழுத்தரும் அங்கே ஒரு மேசையில் சமமாக அமர்கின்றனர். பதவி உயர்வு கிட்டாதவர் தம் குறையைக் கொட்டுகிறார். மகள் திருமணத்திற்குப் பட்ட கடனை மற்றொருவர் விரிக்கிறார். ஊரைவிட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வாழ்பவனுக்கு, அண்ணனும் மாமனும் திண்ணையில் அமர்ந்து கேட்க வேண்டியதை அந்த மேசை கேட்கிறது.

நம் இலக்கியமும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்துண்ட நட்பைப் புறநானூறு காட்டுகிறது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். ஊன்றி நோக்கின் முன்னது போற்றுவது பகிர்தலை. பின்னது கடிவது தன்னை இழத்தலை. அங்ஙனமாயின், பகிர்தலைக் காத்துக் கள்ளை மட்டும் விலக்க இயலுமா என்பதே நம் முன் நிற்கும் வினா.

சட்டத்தால் விலக்க முற்பட்டவர் இராஜாஜி. சென்னை மாகாண அரசின் தலைமைப் பொறுப்பில் இருந்த அவர் 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அவரே 1947-இல் மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராக இந்நகரில் அமர்ந்தார் என்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. தமிழகத்தில் அவ்விலக்கு 1971-இல் தளர்ந்து, 1974-இல் மீண்டும் வந்து, பின்னர் நீங்கியது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. சட்டம் கடையை மூடலாம். மூடிய கடையின் முன் நிற்பவன் மாலையை எங்கே கழிப்பது என்பதற்கு அதனிடம் விடையில்லை. நடுவண் அரசு ஊழியருக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 22-ஆம் விதி, பொது இடத்தில் மது அருந்துவதைத் தவிர்க்கப் பணிக்கிறது. அவ்விதியை வரி பிசகாமல் ஒப்பிக்க வல்லவரும் அம்மேசையில் இருப்பர்!

மாற்று வழிக்குச் சான்று இந்நகரிலேயே உண்டு. 1902-இல் தோன்றிய அனுசீலன் சமிதி உடற்பயிற்சிக் கழகமாகவே தொடங்கியது. கம்பு சுழற்றவும் மல் பயிலவும் கூடிய இளைஞர், பின்னாளில் ஒருவருக்காக ஒருவர் சிறை புகும் அளவுக்கு நெருங்கினர். (அவர்கள் ஏந்திய வெடிகுண்டு பற்றிய வாதம் வேறு.) 1952-இல் உலக ஆணழகராகிய மனோகர் ஐச் ஐந்தடி உயரமும் இல்லாதவர், நூறு வயதைக் கடந்து 2016-இல் மறைந்தார். வங்காளிகள் பேச்சில் மட்டுமே வல்லவர் என்று நம்மவர் சிலர் நகைப்பதுண்டு. அவர்கள் இப்பெயர்களை அறிந்து வைத்தல் நலம்.

நமக்கு மல்லும் பளுவும் வேண்டா, நடை போதும். லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் தமிழர்க்கு ரவீந்திர சரோவர் கூப்பிடு தொலைவில் உள்ளது. எழுபது ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பைச் சுற்றி நடக்கையில் ஒரு நுட்பத்தைக் காணலாம். எதிரெதிரே அமர்ந்தால் சொல்லத் தயங்குவதை, ஒரே திசை நோக்கித் தோளோடு தோள் நடக்கையில் மனிதன் சொல்லிவிடுகிறான். கண்ணைக் கண் பார்ப்பதில்லை அன்றோ? மது தரும் துணிவை இங்கே நடையே தருகிறது. இன்று யார் பணம் கொடுப்பது என்ற மானக்கேடும் இல்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, அந்த மேசையில் இடமில்லாதவர் ஒருவர் உண்டு. வங்க மொழி முற்றும் பழகாமல், அண்டை வீட்டாரோடும் அளவளாவ இயலாமல், இரவு பத்து மணி வரை உணவை மூடிவைத்துக் காத்திருக்கும் இல்லத்தரசி. கணவனின் தனிமைக்கு மருந்தாவது மனைவியின் தனிமையை வளர்க்குமாயின் அதை நட்பு என்று எங்ஙனம் கூறுவோம்? ஏரிக்கரைக்கு அவரும் வரலாம், பிள்ளைகளும் வரலாம்.

எனினும் இருவகைப் பிழைகளுக்கு இடம் உண்டு. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு முதலிய ஆபத்து நேரலாம். அவருக்கு முதலில் வேண்டுவது மருத்துவர், நடைத்தோழர் அல்லர். மற்றொன்று செருக்கு. கைக்கடிகாரத்தில் காலடிகளை எண்ணி, பருத்தவரையும் முழங்கால் நோயாளரையும் பின்னே விட்டுச் செல்லும் கூட்டம், கைவிடப்பட்டவரை மீண்டும் எஸ்பிளனேடுக்கே அனுப்பி வைக்கும். மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகமாக இருத்தல் வேண்டும்.

இன்னும் குடிப்பவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சேர்ப்பது என்னும் வழக்கமும் நமக்கு உடன்பாடன்று. செவ்வாயும் வெள்ளியும் நம்முடன் நடந்து, சனிக்கிழமை பழைய சந்துக்கே போனவரை, அடுத்த செவ்வாயன்று வாயிலில் நின்று வழக்கம்போல் அழைக்கலாம். சனிக்கிழமையைப் பற்றி அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.