சலுகைச் சீட்டும் சிக்கன வாழ்வும்

சிக்கனம் என்பது யாது? குறைந்த விலைக்கு வாங்குவதா, தேவைக்கு மட்டும் வாங்குவதா? மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் ஒரு குடும்பத்தின் நல்வாழ்வும், சில வேளைகளில் அதன் நாணயமுங்கூட, இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் அடங்கியிருக்கக் காண்கிறோம். இதனைத் தெளிந்துகொள்ள நமக்கு உதவும் நல்லதோர் எடுத்துக்காட்டு, அமெரிக்க மளிகைக் கடைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘கூப்பன்’ என்னும் சலுகைச் சீட்டாகும்.

இச்சீட்டின் வரலாறு பழையது. கோகோ-கோலா பானம் புதிதாக விற்பனைக்கு வந்த 1880களின் பிற்பகுதியில், ஒரு குவளை பானத்தை விலையின்றிப் பருகிப் பார்க்கலாம் என்ற சீட்டுகளை அதன் உரிமையாளர்கள் மக்களிடையே பரப்பினர். பின்னர் காலை உணவுத் தானியம், சோப்பு, காப்பித் தூள் எனப் பலவற்றுக்கும் இம்முறை பரவியது. 1930களில் அந்நாட்டைப் பொருளாதாரப் பெருமந்தம் வாட்டியபோது, பத்திரிகையிலிருந்து சீட்டைக் கத்தரித்து எடுத்து, நான்கு காசு மிச்சம் பிடிப்பது எளிய குடும்பங்களின் பழக்கமாயிற்று.

இது நடைபெறும் விதம் எளிது. வாங்குபவர் சீட்டைக் கடையில் கொடுத்தால் குறிப்பிட்ட தொகை விலையில் கழிக்கப்படும். கடைக்காரர் அச்சீட்டுகளைச் சேர்த்து அனுப்பிவைப்பார். பொருளை உற்பத்தி செய்த நிறுவனம் கழிவுத் தொகையைக் கடைக்குக் கொடுத்துவிடுவதோடு, கையாளும் கூலியாகச் சீட்டொன்றுக்குச் சில சென்ட்டும் சேர்த்துக் கொடுக்கும். இவ்வளவையும் அந்நிறுவனம் ஏன் செய்கிறது? ஈகையின் பொருட்டன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. முழு விலை கொடுக்க மனமுடையவரிடம் முழு விலையைப் பெற்றுக்கொண்டு, விலை குறைந்தால் மட்டுமே வாங்கக்கூடியவரையும் விட்டுவிடாமல் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் வணிக உபாயமே இது. கத்தரித்து, அடுக்கி, காலக்கெடு பார்த்துக் கொண்டுவரும் சிரமமே இவ்விரு சாராரையும் பிரித்துக் காட்டும் சல்லடையாக அமைகிறது.

இதனால் சலுகைச் சீட்டைப் பயன்படுத்தும் தாயை நாம் ஏளனமாக எண்ணிவிடலாகாது. கணவனின் வருவாய் முதல் தேதிக்கும் முப்பதாம் தேதிக்கும் நடுவே நீளாது நிற்கும்போது, அடுக்களை மேசையில் கத்தரிக்கோலுடன் அமர்ந்து பால்மாவுக்கும் சோப்புக்கும் சீட்டுச் சேர்ப்பவள் தன் உழைப்பைக் காசாக்குகிறாள். அவள் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு டாலரும் அவள் ஈட்டிய டாலரே. எப்படியும் வாங்கியே தீரவேண்டிய பொருளைக் குறைந்த விலைக்கு வாங்குவது அறிவுடைமை. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை.

ஆயின் சீட்டு கைக்கு வந்தபின் மனிதமனம் அந்த எல்லைக்குள் நின்றுவிடுகிறதா என்பதே கேள்வி. நான்கு டாலர் விலையுள்ள ஒரு பண்டத்துக்கு ஒரு டாலர் கழிவு என்று ஒரு சீட்டு சொல்கிறது. அப்பண்டம் நம் வீட்டுக்கு வேண்டியதாக இருந்தால் ஒரு டாலர் மிச்சம். வேண்டாததாக இருந்தாலோ மூன்று டாலர் நட்டம். கணக்கு இவ்வளவுதான். எனினும் வீடு திரும்பும்போது “ஒரு டாலர் மிச்சம் செய்தோம்” என்ற மகிழ்ச்சியே நெஞ்சில் நிற்கிறது. மூன்று டாலர் போனது நினைவில் நிற்பதில்லை. கடைச் சீட்டின் அடியிலும் ‘நீங்கள் இன்று மிச்சப்படுத்திய தொகை’ என்று அச்சிட்டுத் தருகிறார்கள். வீணாகச் செலவிட்ட தொகை இவ்வளவு என்று எந்தக் கடையும் அச்சிடுவதில்லை.

சலுகை என்ற சொல்லுக்கு மனிதர் எவ்வளவு வசப்பட்டவர் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்று சான்று பகரும். ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கப் பெருங்கடை, மளிகையன்று, துணிமணியும் வீட்டுப் பொருளும் விற்பது. 2012ஆம் ஆண்டில் அது, இனிக் கூப்பனும் இல்லை, அடிக்கடி அறிவிக்கும் தள்ளுபடியும் இல்லை, எந்நாளும் ஒரே குறைந்த விலை என்று அறிவித்தது. மக்கள் மகிழ்ந்து திரண்டார்களா? இல்லை. அவ்வாண்டில் விற்பனை ஏறத்தாழ நூற்றுக்கு 25 பங்கு வீழ்ந்தது. 2013 ஏப்ரலில் தலைமை நிர்வாகி வெளியேற நேர்ந்தது. கூப்பன்களும் திரும்ப வந்தன. நேர்மையாகக் குறித்த விலையைவிட, ஏற்றிக் குறித்துப் பின் இறக்கிக் காட்டும் விலையே நமக்கு இனிக்கிறது. கடைக்காரரை மட்டும் குறைசொல்லி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது.

இம்மயக்கம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும்? 2011ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘எக்ஸ்ட்ரீம் கூப்பனிங்’ என்றொரு தொடர் வெளியாயிற்று. பல நூறு டாலர் பெறுமானமுள்ள சாமான்களைச் சீட்டுகளின் துணையால் சில டாலருக்கு வாங்கிச் செல்வோரை அது காட்டியது. வீட்டின் கீழ்த்தளத்தில் அடுக்கடுக்காகப் பற்பசையும் சலவைத் தூளும் குவிந்திருந்தன. ஒரு குடும்பம் பல்லாண்டு துலக்கினாலும் தீராத பற்பசை! அவர்களில் சிலர் வாங்கியதை ஏழைகளுக்கான உணவு நிலையங்களுக்கு வழங்கினர் என்பதையும் சொல்லவேண்டும், அவர்கள் போற்றத்தக்கோர். ஆனால் தனக்கென்றே குவித்தவர், தமக்குப் பின் ஒற்றைச் சீட்டுடன் வந்த ஓர் ஏழைத் தாய் காலியான அடுக்கைக் கண்டு திரும்பியிருப்பாள் என்பதை எண்ணியிருப்பாரா?

குவிக்கும் ஆசை நாணயத்தையும் தின்றுவிடுவதுண்டு. வர்ஜீனியா மாநிலத்தில் வீட்டிலிருந்தபடியே கணினியில் போலிக் கூப்பன்கள் தயாரித்து விற்ற பெண்ணொருவருக்கு 2021இல் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதனால் நேர்ந்த இழப்பு 3 கோடியே 10 லட்சம் டாலருக்கும் அதிகம். அவரிடம் அச்சீட்டுகளை வாங்கிப் பயன்படுத்தியோரும் பலர் இருந்தனர். பெரிய நிறுவனத்தின் பணந்தானே என்று அவர்கள் தம் மனத்தைத் தேற்றியிருக்கக்கூடும். பிறர் பொருள் பிறர் பொருளே. அதன் உடைமையாளர் செல்வர் என்பதால் அது நமக்கு ஆகுமானதாகிவிடாது.

கூப்பன் என்ற இதே சொல் நம் மக்களுக்கும் புதியதன்று. இலங்கைத் தமிழ் பேசும் இல்லங்களில் பங்கீட்டு அரிசிக்கான சீட்டுக்கு அதுவே பெயர். அதை வழங்கிய இடம் கூப்பன் கடை. 1953இல் அந்த அரிசியின் விலையை அரசு கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. அதே ஆண்டு அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அச்சீட்டு தலைக்கு இவ்வளவு என்று அளந்து தந்த சீட்டு. குடும்பத்தில் எத்தனை வயிறு என்பதே அதன் கணக்கு. சலுகைச் சீட்டோ நம் வயிற்றை எண்ணுவதில்லை. கிடங்கில் தேங்கியிருக்கும் சரக்கை எண்ணுகிறது. பெயர் ஒன்றேயாயினும், ஒன்று தேவையிலிருந்து பிறந்தது, மற்றொன்று விற்பனையிலிருந்து பிறந்தது.

இன்று காகிதச் சீட்டுகள் அருகிவருகின்றன. கைபேசியில் தோன்றும் சீட்டுகளே பெருகியுள்ளன. கைபேசியை இயக்கத் தெரியாத முதியவர், அடுக்கில் ஒட்டியுள்ள சலுகை விலையைக் கண்டு எடுத்துச் சென்று, பணம் கட்டுமிடத்தில் முழு விலையைச் செலுத்த நேர்கிறது. மிகுதியும் உதவி வேண்டியவருக்கே உதவி எட்டாமற் போகிறது. எட்டுகிறவரோ, தாம் எதை, எப்போது, எவ்வளவு வாங்குகிறோம் என்ற செய்தி முழுவதையும் கடைக்கு விலையாகக் கொடுக்கிறார். நம் ஊர்ப் பேரங்காடிகளிலும் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்னும் அட்டைகள் தொங்கும் இக்காலத்தில், இவையெல்லாம் தொலைதூரத்துக் கதைகள் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

அவ்வாறாயின் நாம் என்ன செய்யலாம்? நம் வீட்டுப் பெரியவர்கள் கடைப்பிடித்த வழி ஒன்று உண்டு. கடைக்குப் புறப்படுமுன் அடுக்களையில் நின்று, அரிசிப் பானையையும் பருப்பு டப்பாவையும் திறந்து பார்த்துச் சாமான் பட்டியல் எழுதினார்கள். பட்டியல் முதலில் வரட்டும். சீட்டு பின்னர் வரட்டும். பட்டியலில் உள்ள பொருளுக்குச் சலுகை கிடைத்தால் நன்றியுடன் ஏற்போம். பட்டியலில் இல்லாததை அது எத்துணை மலிவாயினும் அங்கேயே விட்டுவருவோம். மிகுதியாகக் கிடைத்துவிட்டால், வாங்கும்போதே அதில் அண்டை வீட்டுக்கு ஒரு பங்கு என்று எண்ணிக்கொள்வோம். இல்லாதவர் கையில் எட்டவேண்டிய சலுகையை இருப்பவர் தட்டிப் பறிக்காதிருத்தலும் ஒரு தர்மமே.

‘பரக்கத்’ என்று நம் தாய்மார் சொல்வார்களே, அது அடுக்கு நிறையச் சாமான் இருப்பதைக் குறிப்பதன்று. இருப்பது போதுமானதாக அமைந்து, அதிலும் ஒரு பிடி பிறருக்கு எஞ்சுவதையே அவர்கள் அச்சொல்லால் குறித்தார்கள். அடுத்த முறை சலுகைச் சீட்டொன்று நம் கைக்கு வரும்போது, இச்சீட்டு இல்லாவிட்டாலும் இப்பொருளை வாங்கியிருப்போமா என்று ஒரு நொடி நின்று நம்மையே நாம் கேட்டுக்கொள்வோமாக.